எங்கே குடியிருக்கிறீர்கள்?

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும்போது படித்தால் போதும். “சார், இன்னும் சுருக்கமா எழுதுங்க” என்று போன தடவை கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பத்துமூன்று வருடம் வரலாற்றுப் பாடத்தை நாற்பத்தைந்து நிமிட பீரியடுக்கு இழுத்துப் பழகிய வாய் இது. சுருக்கம் வராது.

நம் சொந்தத்தில் ஒரு பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். மார்க் வரும் என்பதுதான் காரணம், அதில் ஒளிவு மறைவு இல்லை. திருப்பூர் வட்டாரத்தில் இப்போது பல பள்ளிகளில் இதுதான் நடக்கிறது. அதைப் பற்றி என் கருத்து உங்களுக்குத் தெரியும், இன்று அந்தச் சண்டை வேண்டாம். அவள் பாடத்தில் வீடு பற்றி ஒரு பகுதி. கூடம், சமையலறை, படுக்கையறை, மாடிப்படி எல்லாவற்றுக்கும் பிரெஞ்சுப் பெயர். கடைசியில் “நான் இன்ன ஊரில் வசிக்கிறேன்” என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். “ஜாபித் ஆ திருமுருகன்பூண்டி” என்று எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “தாத்தா, ‘அபித்தே’ன்னா வசிக்கறதுன்னு போட்டிருக்குது. நம்மூர்ல ஆருங் தாத்தா ‘வசிக்கறேன்’னு சொல்றாங்க?”

நல்ல கேள்வி. யாரும் சொல்வதில்லை. ‘வசிக்கிறேன்’ என்பது விண்ணப்பத் தாளில் மட்டும் வாழும் சொல். நாம் பேசும்போது மூன்று விதமாகச் சொல்கிறோம். “பூண்டியில இருக்கறனுங்க” என்பது ஒன்று. “பூண்டியில குடியிருக்கறோம்” என்றால் பாத்திரம் பண்டம், பிள்ளை குட்டி, அடுப்பு எல்லாம் இங்கேதான் என்று பொருள். “பூண்டியில தங்கியிருக்கறேன்” என்றால் ஒரு பெட்டியும் பாயும்தான் இங்கே, மற்றது வேறு எங்கேயோ. கேட்பவருக்கு உடனே புரிந்துவிடும். அடுத்த கேள்வி “அப்ப சொந்த ஊரு எதுங்க?” என்று வந்து நிற்கும்.

பிரெஞ்சிலும் இந்த வித்தியாசங்கள் இருக்கின்றன. ‘அபித்தே’ என்பது அன்றாடப் பேச்சில் குடியிருப்பதற்கு. ‘தெமேரே’ என்று இன்னொன்று. அதற்குக் குடியிருப்பது என்றும் பொருள், அசையாமல் அப்படியே நின்றுபோவது என்றும் பொருள். பத்திரங்களிலும் பிறப்பு, திருமணப் பதிவேடுகளிலும் இந்தச் சொல்லைத்தான் அதிகம் பார்க்கலாம். வீட்டுக்கு அவர்கள் சொல்லும் ‘மெஸோன்’ என்ற சொல்லே லத்தீனில் தங்குதல் என்ற வேரிலிருந்து வந்தது. நம் ‘வீடு’ ‘விடு’ என்ற வினையிலிருந்து வந்தது என்பார்கள் தமிழாசிரியர்கள். வேலையை விட்டு, சுமையை இறக்கிவிட்டு வந்து சேரும் இடம். அதனால்தான் மோட்சத்துக்கும் அதே பெயர். அவர்களுக்கு வீடு தங்குகிற இடம், நமக்கு விடுபடுகிற இடம். (இதை வைத்துப் பட்டிமன்றம் போட்டுவிடாதீர்கள்.)

‘ஷே’ என்று ஒரு குட்டிச் சொல்லும் உண்டு. அதற்கு ‘இன்னாருடைய வீட்டில்’ என்று பொருள். குடிசையைக் குறித்த பழைய லத்தீன் சொல் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. ‘ஷே நூ’ என்றால் நம்ம வீட்டில். சொல்பவர் தொனியைப் பொறுத்து நம்ம ஊரில், நம்ம நாட்டில் என்றும் ஆகும். வெளியூர் போய் “நம்ம வூட்டுப் பக்கமெல்லாம் இப்பிடிச் செய்ய மாட்டாங்க” என்று நாம் சொல்வோம் இல்லையா, அது ‘ஷே நூ’தான். அந்தப் பெண்ணுக்கு இதைச் சொன்னதும் பளிச்சென்று பிடித்துக்கொண்டாள்.

சொல்லாராய்ச்சி இதோடு போதும். நான் எழுத வந்தது வேறு. பிரெஞ்சு என்றால் நம் பிள்ளைகள் பாரிஸைத்தான் நினைக்கிறார்கள். இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே பேருந்தில் போனால், ‘எங்கே குடியிருக்கிறாய்’ என்ற கேள்வியைத் தமிழர்களிடமே பிரெஞ்சு அரசாங்கம் கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொண்டு, அதை வைத்தே அவர்கள் யார் என்று தீர்மானித்த ஊர் இருக்கிறது. புதுச்சேரி.

1674இல் பிரான்சுவா மர்த்தேன் அங்கே வந்து சேர்ந்தார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து, 1699 வரை வைத்திருந்தார்கள். அந்தச் சில வருடங்களில் அவர்கள் செய்த ஒரு காரியம் இன்றும் நிற்கிறது. தெருக்களைச் சதுரங்கப் பலகை போல நேர்க்கோட்டில் போட்டார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு, 1765 முதல் லா தெ லொரிஸ்தோன் ஆளுநராக இருந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டியதும் அந்தக் கோடுகளின் மேல்தான்.

நடுவில் வடக்கு தெற்காக ஒரு பெரிய வாய்க்கால். கடலுக்கும் வாய்க்காலுக்கும் இடையே ‘வீல் பிளான்ஷ்’, வெள்ளை நகரம். வாய்க்காலுக்கு மேற்கே ‘வீல் நுவார்’, கறுப்பு நகரம். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. மேற்குப் பக்கத்திலும் ஆளாளுக்கு இடம் பிரிந்திருந்தது. செட்டித் தெரு, வெள்ளாளத் தெரு, பெருமாள் கோயிலைச் சுற்றி அக்கிரகாரம், கிறிஸ்தவர்களுக்கு மிஷன் வீதிப் பக்கம், தெற்கே முஸ்லிம்களுக்குக் காஜியார் தெருப் பக்கம். ஒருவன் தன் தெருப் பெயரைச் சொன்னாலே அவன் சாதி, மதம், தொழில் எல்லாம் சொன்ன மாதிரி. இதை வெள்ளைக்காரன் தலையில் மட்டும் கட்ட முடியாது. நம் ஊர்களிலும் தெரு அப்படித்தான் இருந்தது, பல இடங்களில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் அதற்கு மேலே ஒரு வாய்க்காலையும் சேர்த்தான்.

கோடு போட்டதெல்லாம் அப்படியே நின்றது என்றும் நினைக்க வேண்டாம். மணக்குள விநாயகர் கோயில் வெள்ளை நகரத்துக்குள்ளேதான் இருக்கிறது. பிள்ளையாரை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அனுப்ப யாராலும் முடியவில்லை.

இரண்டு பக்கத்து வீடுகளையும் நின்று பார்க்க வேண்டும். கிழக்கே பிரெஞ்சு வீடு: உயரமான மதில், பெரிய வாயில், உள்ளே தோட்டம், அதற்கும் உள்ளே வளைவுகளும் தூண்களும். தெருவில் நடப்பவனுக்குத் தெரிவது சுவரும் மரச் சட்டம் போட்ட ஜன்னலும் மட்டும். மேற்கே தமிழ் வீடு: தெருவைத் தொட்டபடி முதலில் தாழ்வாரம். மரத்தூண்கள் மேல் ஓடு வேய்ந்த சார்ப்பு. வெயிலுக்கும் மழைக்கும் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம், கேள்வி கிடையாது. அதற்கு அடுத்து திண்ணை. பிறகு கதவு, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றி கூடமும் அறைகளும். ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் தொடங்கும். தெரு முழுக்க ஒரே நிழல். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினர் இப்படிப்பட்ட தெருக்களைப் ‘பேசும் தெருக்கள்’ என்கிறார்கள். அவர்கள் முயற்சியில் சீரமைக்கப்பட்ட வைசியாள் வீதி, அதாவது கால்வே சுப்பராயச் செட்டி வீதி, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் ஒன்றைப் பெற்றது. போனால் காலை ஏழு மணிக்குப் போங்கள். பத்து மணிக்கு மேல் போட்டோ எடுக்க வருபவர்களின் கூட்டம்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டும் கலந்த வீடுகள். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், அவர் பெயரிலேயே இருக்கும் வீதியில் நிற்கிறது. 1709இல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர், துய்ப்ளேக்ஸ் ஆளுநரின் துபாஷ், 1736 முதல் சாகும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். 1761 ஜனவரி 12ஆம் தேதி இறந்தார். நான்காம் நாள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அவர் வீட்டின் கீழ்த்தளம் தமிழ் முறையில் மரத்தூண்களோடு இருக்கிறது. மாடி பிரெஞ்சு முறையில் சுண்ணாம்புத் தூண்களோடு நிற்கிறது. வெளியே ‘முசே’ என்று துரைமார்களோடு பேசிவிட்டு, உள்ளே வந்து தமிழில் கணக்கும் கவலையும் எழுதிய மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வீடு இருக்க முடியாது. இதே கலப்பில் பின்னால் எத்தனையோ வீடுகள் புதுச்சேரியில் எழுந்தன. கீழே திண்ணை, மேலே வளைவு ஜன்னல்.

கலப்பு சொற்களிலும் நடந்தது. உள்ளூர்க்காரர்களின் வழக்குகளை விசாரித்த நீதிமன்றத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘ஷோத்ரீ’. வேறொன்றும் இல்லை, நம் சாவடிதான் அது. நம் கோவில் பக்கத்துச் சாவடியில் பெரியவர்கள் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசுவார்களே, அந்தச் சாவடி பிரெஞ்சு நீதிமன்றத்தின் பெயர்ப் பலகையில் ஏறி உட்கார்ந்தது. 1766 முதல் 1817 வரை அங்கே சொன்ன தீர்ப்புகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் புத்தகமாகவே வெளியிட்டிருக்கிறது. தமிழர்களின் பாகப்பிரிவினை, வாரிசு வழக்குகளைத் தமிழர் வழக்கப்படியே பிரெஞ்சு நீதிபதிகள் தீர்த்த இடம் அது. 1819இல் இதைச் சட்டமாகவே எழுதினார்கள்: உள்ளூர் மக்களுக்கு அவரவர் மாமூல்தான் சட்டம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு இன்னொரு முகம் உண்டு. உன் வழக்கம் உனக்கு, என் சட்டம் எனக்கு என்றால், ஒரே ஊரில் இருவரும் சமம் இல்லை என்று அர்த்தம். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்துவிடலாம். அவர்களை ‘ரெனோன்ஸான்’, துறந்தவர் என்றார்கள். துறந்தவர் ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ள வேண்டும். நமக்கோ அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் என்பது ஒரு பதிவேட்டுக்காக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயமாக ஆனது.

அப்படித் துறந்தவர்களில் முன்னணியில் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1870களில் ஐரோப்பியர் போல ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்து வந்தவர். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் ‘லாபோர்த்’. பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். மற்றவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டவர் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். வீட்டுப் பாடம் படிக்கிற பெண்ணிடம் ‘போர்த்’ என்றால் கதவு என்று மனப்பாடம் செய்யாதே, பொன்னுத்தம்பியின் ஷூவை நினைத்துக்கொள், மறக்காது என்றேன்.

துறந்தவர்களிலும் மற்றவர்களிலும் பலர் சைகோனுக்குப் போனார்கள். பிரெஞ்சு இந்தோசீனாவில் அலுவலகம், காவல், ராணுவம், கடை என்று வேலை கிடைத்தது. ஓய்வு பெற்றுப் பென்ஷனோடு திரும்பிய ராணுவத்தாரைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்றார்கள். அவர்களுக்கு என்று ஒரு சங்கக் கட்டடம் இன்றும் இருக்கிறது. அதன் பெயர் ‘ஃபுவாயே துய் சொல்தா’. ‘ஃபுவாயே’ என்றால் அடுப்படி, அதிலிருந்து வீடு, குடும்பம் என்றெல்லாம் பொருள் விரியும் சொல். நாமும் “ஊர்ல எத்தனை அடுப்பு எரியுது” என்று வீடுகளை எண்ணியவர்கள்தானே.

இதற்கு நடுவில் பாரதியாரை விட்டுவிட முடியாது. 1908இல் அவர் புதுச்சேரிக்குப் போனதும் ஒரு விலாசக் கணக்குதான். சென்னையில் இருந்தால் சிறை, வாய்க்கால் கரையிலே குடியிருந்தால் ஆங்கிலேயர் கை நீளாது. பத்து வருடம் குடியிருந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு இப்போது நினைவில்லம். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியவுடன் கடலூர்ப் பக்கத்தில் கைது செய்தார்கள். அதே ஆள். மாறியது இடம் மட்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதுவரை தூங்காமல் வந்தவர்கள் நிமிர்ந்து உட்காருங்கள்.

1954 அக்டோபர் 18ஆம் தேதி, கீழூர் என்ற சிற்றூரில் பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. ஆனால் சட்டப்படி இன்னும் மாறவில்லை. 1956 மே 28ஆம் தேதி இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்றுக்கொள்ள 1962 வரை ஆனது, அல்ஜீரியா கையைவிட்டுப் போன பிறகுதான் நடந்தது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் மக்களின் குடியுரிமை எதை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது தெரியுமா? பிறந்த இடம் ஒன்று. ‘தொமிசீல்’ இன்னொன்று. அன்றைய தேதியில் உன் தொமிசீல் எங்கே? அதுதான் கேள்வி.

‘தொமிசீல்’ வேறு, ‘ரெசிதான்ஸ்’ வேறு. ரெசிதான்ஸ் என்பது நாம் சொல்லும் ‘தங்கியிருக்கும் இடம்’. தொமிசீல் என்பது ‘குடியிருப்பு’. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 102ஆம் பிரிவு, ஒருவருடைய வாழ்க்கையின் முதன்மையான இருப்பு எங்கே நிலைபெற்றிருக்கிறதோ அதுவே அவருடைய தொமிசீல் என்கிறது. நம் பாட்டி கேட்கும் “சொந்த ஊரு எதுங்க” என்ற கேள்வியை வக்கீல் கோட்டு போட்டு நிறுத்தினால் அதுதான்.

நான்காம் பிரிவு சொன்னது: பிரெஞ்சு இந்தியப் பகுதியில் பிறந்து அங்கேயே தொமிசீல் உள்ள பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆகிறார்கள். ஐந்தாம் பிரிவு சொன்னது: வேண்டாம், பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கிறோம் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். ஏழாம் பிரிவு சொன்னது: அங்கே பிறந்து, இந்தியாவுக்கு வெளியே வேறு நாட்டில் தொமிசீல் உள்ளவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிப்பார்கள், வேண்டுமானால் இந்தியக் குடியுரிமை கேட்கலாம்.

இதை ஒரு வீட்டில் வைத்துப் பாருங்கள். உதாரணத்துக்குச் சொல்கிறேன். ஒரே முற்றத்தில் விளையாடி வளர்ந்த அண்ணன் தம்பி. அண்ணன் புதுச்சேரியில் கடை வைத்திருக்கிறான். தம்பி சைகோனில் குடும்பத்தோடு இருக்கிறான். 1962 ஆகஸ்ட் 16 காலை இருவரும் ஒன்றுமே செய்யாமல் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று வையுங்கள். அண்ணன் இந்தியன் ஆகிவிட்டான். தம்பி பிரெஞ்சுக்காரனாகவே இருந்துவிட்டான். ஒரே தாய், ஒரே திண்ணை. அண்ணனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் அடுத்த ஆறு மாதத்துக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். 1963 பிப்ரவரி நடுவில் வாசல் மூடிவிடும்.

சுமார் 5,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். போடாதவர்கள் பல விதம். விடுதலைக்குப் போராடியவர்கள், அவர்கள் ஏன் போடப்போகிறார்கள்? விஷயமே தெரியாதவர்கள். தெரிந்தும், போட்டால் நிலத்துக்கு என்ன ஆகும், வேலைக்கு என்ன ஆகும் என்று பயந்தவர்கள். வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு வேறு தலைவலி. நீ அன்று அங்கே தங்கியிருந்தாயா, குடியிருந்தாயா? ராணுவத்தில் இருந்தவன் மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறவன், அவனுக்குத் தொமிசீல் எது? மனைவி மக்கள் காரைக்காலில், அவன் ஆப்பிரிக்காவில் என்றால்? பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடியுரிமை கேட்டு பிரெஞ்சு நீதிமன்றங்களில் பல வருடங்கள் வழக்கு நடத்தினார்கள். தாத்தா 1962 ஆகஸ்டில் எங்கே குடியிருந்தார் என்பதற்குச் சாட்சி தேட வேண்டியிருந்தது. வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, பதிவேட்டில் ‘தெமேரான் ஆ’, அதாவது ‘இன்ன இடத்தில் குடியிருக்கும்’ என்று எவனோ ஒரு குமாஸ்தா எழுதிய ஒற்றை வரி. அந்த வரி கிடைத்தால் பாரிஸ். கிடைக்காவிட்டால் இல்லை.

கையெழுத்துப் போட்ட வீட்டையும் போடாத வீட்டையும் பிரிப்பது சில நேரம் ஒரு பொதுச் சுவர்தான். ஒரு பக்கத்துப் பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், பாட்டிக்கு பிரான்ஸ் பென்ஷன். மறுபக்கத்துப் பிள்ளை விசாவுக்கு வரிசையில். நீங்கள் புதுச்சேரிக்காரர்களோடு சம்பந்தம் பேசும்போது “பிரெஞ்சு நேஷனாலிட்டி வரன்” என்று தரகர் அழுத்திச் சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது.

சரி, இதை ஏன் பூண்டியில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன்?

போன மாதம் நம் குழுவில் ஒரு வாக்குவாதம் நடந்தது நினைவிருக்கும். வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று. பெரும்பாலோர் என்ன சொன்னீர்கள் என்று நான் திரும்ப எழுதப்போவதில்லை. எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினீர்கள் என்பதைத்தான் கவனித்தேன். “இங்க தங்கியிருக்கறவங்க” என்றீர்கள். என் வீட்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒடிசாக்காரர் குடும்பம் ஒன்று. பனியன் கம்பெனியில் டெய்லர். பன்னிரண்டு வருடமாக அதே வீடு, அதே பொதுக் குழாய். அவர் மகள் நம் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். என்னிடம் வந்து திருக்குறள் ஒப்பிக்கிறாள், ழகரம் உங்களில் பலரைவிடச் சுத்தம். அவர்களையும் நாம் ‘தங்கியிருக்காங்க’ என்கிறோம். போன வருடம் வேலை மாறி இங்கே வந்து ஃபிளாட் வாங்கிய கோயமுத்தூர்க்காரரை ‘குடிவந்திருக்காங்க’ என்கிறோம். நாற்பது வருடம் முன்னால் மதுரை, தேனி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர்களையும் இப்படித்தான் ‘தங்கியிருக்கறவங்க’ என்றோம். அவர்கள் பிள்ளைகள் இன்று இந்தக் குழுவில் இருக்கிறார்கள். சிலர் அந்த வாக்குவாதத்தில் மிகச் சத்தமாகப் பேசினார்கள்.

(இந்த லைன் வீடுகளில் இன்னொரு வேடிக்கை. ‘வீட்டுக்காரர்’ என்றால் தமிழில் கணவனும்தான், வீட்டுச் சொந்தக்காரரும்தான். புதிதாகத் தமிழ் கற்ற அந்த ஒடியா அம்மாள், “வீட்டுக்காரர் வந்தாரு, வாடகை கேட்டாரு” என்று சொன்னதைக் கேட்டு எதிர் வீட்டுப் பாட்டி ஒரு வாரம் சிரித்தது.)

தீபாவளி வாரத்தில் திருப்பூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமிருக்காது, கம்பெனித் தெருவில் நாய் மட்டும் நடக்கும். ஒப்பந்தத்தின் அந்த ஒற்றைத் தேதி தீபாவளி வாரத்தில் வந்து நம் ஊரைக் கணக்கெடுத்திருந்தால் யார் யாரை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? 2020 ஊரடங்கில் ரயில் ஏறிப் போனார்கள். பலர் திரும்பி வந்து அதே பூட்டைத் திறந்தார்கள். போனது வீட்டுக்கா, வந்தது வீட்டுக்கா? சிவில் சட்டத்தின் 102ஆம் பிரிவுப்படி பார்த்தால் அந்த டெய்லரின் முதன்மையான இருப்பு எங்கே நிலைபெற்றிருக்கிறது? வேலை இங்கே, மகள் பள்ளிக்கூடம் இங்கே, அடுப்பு இங்கே. அம்மா அங்கே. நான் வக்கீல் இல்லை. எனக்கு அவர் குடியிருப்பவர். வாடகைக்குக் கொடுக்கும் முன் உங்களுக்கு ஆயிரம் யோசனை இருக்கலாம், அது உங்கள் சொத்து. சொல்லையாவது சரியாகச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கு இந்தக் கேள்வி புதிதும் இல்லை. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பொருளுமாக வந்த சுந்தரர், பூண்டியில் வேடர்களிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்த கதையை உங்களுக்கு ஆறாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். நேராகக் கோயிலுக்குப் போய் அவர் பாடிய பதிகத்தைப் பாருங்கள். போன பொருளைக் கொடு என்று கெஞ்சவில்லை. வழிப்பறி நடக்கிற இப்படிப்பட்ட ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று பாட்டுக்குப் பாட்டு இறைவனையே விசாரிக்கிறார். வெளியூரிலிருந்து மூட்டையோடு வந்தவர், உள்ளூர்ச் சாமியின் விலாசத்தைக் கேள்வி கேட்கிறார்! அவர் பயன்படுத்தியதும் நம் பழைய ‘இரு’ என்ற வினைதான். சாமி பதில் சொல்லவில்லை, பொருள் திரும்பக் கிடைத்தது என்பது புராணம். அவர் இன்றும் இங்கேதான் இருக்கிறார்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். ஒன்று, தோட்டத்துச் சாளையிலும் பழைய ஓட்டு வீட்டிலும் வளர்ந்த பெரியவர்கள், வீட்டின் பகுதிகளுக்கு உங்கள் பக்கம் சொன்ன பெயர்களை எழுதி அனுப்புங்கள். ஆசாரம், அட்டாலி, பொடக்காளி, கட்டுத்தரை எல்லாம் என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண் பிரெஞ்சுப் பெயர்களுக்குப் பக்கத்தில் இவற்றையும் நோட்டில் எழுதி வருகிறாள், படம் போட்டு. பொடக்காளிக்குப் பிரெஞ்சில் என்ன என்று அவள் ஆசிரியையைக் கேட்டிருக்கிறாள், இன்னும் பதில் வரவில்லை. இரண்டு, புதுச்சேரி, காரைக்கால் பக்கம் சம்பந்தம் உள்ளவர்கள், வீட்டில் பழைய பிரெஞ்சுப் பத்திரமோ பிறப்புப் பதிவோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். பெயர், எண் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். ‘தெமேரான் ஆ’ என்பதற்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். எழுத்து மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன்.